கோயில் புதுக்கும் மரபு



கோயில் என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவது பழமை. எத்துணைப் பழையதோ அத்துணைப் பெருமை உடையது என்று எண்ணுகிறோம். ஆயினும், அக்கோயில்களைக் கட்டுவித்த பெரியோர் வகுத்த முறை வேறொன்றையும் வற்புறுத்துகிறது. கோயிலைக் காலந்தோறும் புதுக்க வேண்டும் என்பதே அது. பழமையைப் போற்றுக என்பதும், பழுதானதை நீக்கிப் புதியது வைக்க என்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். அவை முரண்தாமா என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். நமக்கு அண்மையில் உள்ள தென்காசிக் கோபுரத்திலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து ஜப்பான் நாட்டின் இசே என்னும் திருத்தலம் வரை சென்று மீள்வோம்.

முதலில் தென்காசியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். மதுரையை இழந்த பாண்டியர் மரபினர் தெற்கே ஒதுங்கி ஆண்ட காலம் அது. அவர்களுள் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் என்பவன் சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதர் கோயிலைக் கி.பி. 1446-இல் எடுப்பிக்கத் தொடங்கினான். வடகாசிக்குச் செல்ல இயலாத தென்னாட்டு மக்களுக்குத் தெற்கிலேயே ஒரு காசி வேண்டும் என்பது அவன் கருத்து. கோயில் முற்றுப்பெறும் நிலைக்கு வந்தபின், கி.பி. 1457-இல் இராச கோபுரத் திருப்பணியைத் தொடங்கினான். அது நிறைவுறுமுன் 1463-இல் மறைந்தான். அவன் தம்பி குலசேகர பாண்டியன் அதனை நிறைவேற்றினான்.

இம்மன்னன் கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டுகளுள் ஒன்று கற்றோர் நெஞ்சை உருக்குவது. மன்னர்கள் கல்வெட்டில் என்ன எழுதுவார்கள் என்பதை நாம் அறிவோம். தம் வெற்றியை எழுதுவர், கொடையை எழுதுவர், தருமத்துக்குத் தீங்கு செய்தவர் இன்ன பாவத்தை அடைவர் என்று எச்சரிப்பர். பராக்கிரம பாண்டியனோ வேறு வகையாகப் பேசுகிறான். இக்கோயில் பிற்காலத்தில் பழுதுபடும் என்பதை அவன் முன்னரே உணர்ந்திருந்தான். அவ்வாறு பழுதுபட்ட நாளில் அதனைத் திருத்திக் காப்பவர் எவராயினும், அவரை இன்றே அடிபணிந்து வணங்குகிறேன் என்னும் பொருள்பட எழுதிவைத்தான். முடிசூடிய மன்னன் ஒருவன், இன்னும் பிறவாத ஒரு கொத்தனின் காலில் விழுகிறான்! தான் கட்டியது நிலையானது என்று அவன் செருக்கவில்லை. கட்டடம் நிலையாது, காக்கும் கைகள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை அறிந்தவனே இப்படி எழுத முடியும்.

அவன் அஞ்சியதே நிகழ்ந்தது. கோபுரத்தின் மேல்நிலைகள் அழிந்தன. நான் சிறுவனாக இருந்த நாளில் தென்காசிக் கோபுரம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. கீழே கல், மேலே வெளி. டாக்டர் பா. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்த, பொதுமக்களின் துணையோடு அது மீண்டும் ஒன்பது நிலைகளாக எழுந்தது. 1990-ஆம் ஆண்டு சூன் திங்களில் குடமுழுக்கும் நிகழ்ந்தது. ஏறத்தாழ 180 அடி உயரத்தில் இன்று நாம் காணும் கோபுரம் அதுவே.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களை அக்கோயிலுக்கு அழைத்துச் சென்று கல்வெட்டைக் காட்டுவது வழக்கம். ஓர் ஆண்டு, ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், “ஐயா, இது பழைய கோபுரமா, புதிய கோபுரமா?” என்று கேட்டான். கல் அடித்தளம் பழையது, மேலே உள்ளது புதியது என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான், ஆனால் அச்சிறுவன் கேட்டது அதையன்று. பாண்டியன் கட்டிய கோபுரம்தான் இதுவா என்று அவன் கேட்டான். அக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், புதுக்குதல் என்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நம் கோபுரங்களில் அடிப்பகுதி கருங்கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். கருங்கல் பல நூற்றாண்டு தாங்கும். சுதையோ தாங்காது. சுண்ணாம்பும் மணலும் சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் கலந்து, பதமாக அரைத்துச் செய்யும் சாந்து மிக உறுதியானதுதான். எனினும் வெயிலில் விரிந்து மழையில் சுருங்கி, நாளடைவில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். பறவை கொணர்ந்த அரச விதையோ ஆல விதையோ அவ்வெடிப்பில் விழுந்து முளைக்கும். குற்றாலச் சாரல் பெய்யும் எங்கள் வட்டாரத்தில் இது விரைவாக நடக்கும். இரண்டு இலை விட்ட செடியை ஒரு சிறுவன் விரலால் பிடுங்கிவிடலாம். இருபது ஆண்டு விட்டுவிட்டால் அதன் வேர் செங்கல்லைப் பிளந்துவிடும். ஆகவே, காலவரையறை இட்டுப் பழுது பார்ப்பது கட்டடக் கலையின் தேவை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்னும் வழக்கம் இத்தேவையைச் சமயக் கடமையாக்கிவிட்டது. கடமையானதால் அது மறக்கப்படாமல் நின்றது.

குடமுழுக்கு நான்கு வகை என்பர். புதிதாகக் கட்டிய கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம். ஆற்று வெள்ளம் முதலியவற்றால் அழிந்ததை மீண்டும் கட்டிச் செய்வது அனாவர்த்தம். பழுது பார்த்துச் செய்வது புனராவர்த்தம். களவு முதலிய தீட்டு நேர்ந்தபோது செய்வது அந்தரிதம். இவற்றுள் நாம் அடிக்கடி காண்பது புனராவர்த்தமே.

அதன் நடைமுறை நுட்பமானது. திருப்பணி தொடங்குமுன் இறையாற்றலை மூலமூர்த்தியிடமிருந்து ஒரு கும்பத்து நீருக்கோ, அத்திப்பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றுவர். அதனைச் சிறிய இடம் ஒன்றில் வைத்து வழிபடுவர். இதற்குப் பாலாலயம் என்று பெயர்; இளங்கோயில் என்று தமிழில் வழங்குவர். அதன்பின் கோயில், உளியும் கரண்டியும் கொண்ட வேலையாட்களின் களமாகிவிடுகிறது. சிலையின் அடியும் பீடமும் சேரும் இடத்தில் மருந்து சாத்துவர். கொம்பரக்கு, குங்குலியம், சுக்கான்கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டும் சேர்த்து இடிப்பதால் அதற்கு அட்டபந்தனம் என்று பெயர். இதுவும் காலப்போக்கில் இறுகி உதிர்வது. எனவே மீண்டும் சாத்த வேண்டுவது. பணி முடிந்தபின் வேள்விச் சாலை அமைத்து, நூல் சுற்றி மாவிலையும் தேங்காயும் வைத்த குடங்களில் இறைவனை எழுந்தருளச் செய்து, அந்த நீரைக் கலசத்தின்மீதும் மூர்த்தியின்மீதும் வார்ப்பர். குடத்தின் மேல் சுற்றிய நூல் நரம்பு என்றும், தேங்காய் தலை என்றும் பொருள் கூறுவர். ஆக, கட்டடம் பழுது பார்க்கப்படும் காலம் முழுவதும் தெய்வம் ஓர் உடலை விட்டு மற்றோர் உடலில் தங்கி மீள்கிறது.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். அந்நாட்டின் பழைய சமயமாகிய சிந்தோவில் தலையாய கோயில் இசே. அங்கு உட்கோயில், வெளிக்கோயில் என இரண்டு உள்ளன. உட்கோயில் ஞாயிற்றுத் தெய்வமாகிய அமத்தெராசுவுக்கு உரியது. வெளிக்கோயில் உணவளிக்கும் தெய்வமாகிய தொயோஉக்கேவுக்கு உரியது. அக்கோயில்களில் கல் சுவர் இல்லை, வண்ணம் இல்லை. இனோக்கி என்னும் ஒருவகை ஊசியிலை மரத்தால் ஆன தூண்களை நேரே மண்ணில் நட்டு, நாணல் போன்ற புல்லால் கூரை வேய்ந்திருப்பர். பார்ப்பதற்குப் பழங்கால நெற்களஞ்சியம் போல் இருக்கும். மண்ணில் நட்ட மரம் உளுத்துப்போகும் அன்றோ? ஆகவே, 20 ஆண்டுக்கு ஒருமுறை கோயில் முழுவதையும் புதிதாகக் கட்டுகிறார்கள்.

ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரே அளவுள்ள இரண்டு மனைகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்றில் கோயில் நிற்கும். மற்றது வெண்கூழாங்கல் பரப்பிய வெற்றிடமாக இருக்கும். காலம் வந்ததும் வெற்றிடத்தில் பழைய கோயிலைப் போலவே புதியது எழும். ஓர் இரவில், இருளில், தெய்வத் திருப்பொருளைத் திரையிட்டு மறைத்துப் பழைய கோயிலிலிருந்து புதியதற்கு எழுந்தருளச் செய்வர். பின்னர்ப் பழையதைப் பிரித்துவிடுவர். கட்டடம் மட்டுமன்று, தெய்வத்துக்குரிய ஆடை, வாள், கண்ணாடி முதலிய 714 வகைப் பொருள்களில் 1576 உருப்படிகளையும் புதிதாகச் செய்கிறார்கள். காட்டில் மரம் வெட்ட மலைத்தெய்வத்திடம் இசைவு கேட்கும் சடங்கு முதல் தெய்வம் குடிபுகும் இரவு வரை எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

உட்கோயில் முதன்முதலில் இவ்வாறு புதுக்கப்பட்டது கி.பி. 690-இல், வெளிக்கோயில் 692-இல். அறுபத்திரண்டாம் முறை 2013-இல் நிகழ்ந்தது. அடுத்தது 2033-இல் வரவேண்டும். இதைக் கேட்பவர், 1300 ஆண்டுகளாக இடையறாது நடந்தது போலும் என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி உள்ளது.

நம் பராக்கிரம பாண்டியன் மறைந்ததற்கு முந்திய ஆண்டாகிய 1462-இல் இசே உட்கோயில் புதுக்கப்பட்டது. அதன்பின் ஜப்பான் உள்நாட்டுப் போரில் மூழ்கியது. பேரரசரிடம் பொருள் இல்லை. படைத்தலைவர்களுக்கு மனம் இல்லை. உட்கோயிலுக்கு 123 ஆண்டுகள் திருப்பணி நடைபெறவில்லை. 1434-இல் புதுக்கிய வெளிக்கோயிலுக்கோ 129 ஆண்டுகள் நடைபெறவில்லை. இருபது ஆண்டு நிற்கும் கட்டடம் நூறாண்டு எப்படி நிற்கும்? உளுத்து விழுந்தது. தெய்வத்தைத் தற்காலிகக் குடில்களில் வைத்து வழிபட்டனர்.

இதனை மீட்டது ஒரு மன்னன் அல்லன். சைசுன் என்னும் பௌத்தத் துறவினி. ஊர் ஊராகச் சென்று இரந்து பொருள் திரட்டினார். 1549-இல் உட்கோயிலுக்குச் செல்லும் ஊசிப் பாலத்தைக் கட்டுவித்தார். 1563-இல் வெளிக்கோயிலைப் புதுக்குவித்தார். உட்கோயிலைக் காணுமுன் 1566-இல் காலமானார். அவர் மடத்தில் அவருக்குப்பின் வந்த துறவினி சூயோ அப்பணியை ஏற்றார். படைத்தலைவர் ஓடா நொபுநாகா 1582-இல் பெரும்பொருள் அளித்தார். அவ்வாண்டே அவர் கொல்லப்பட, அடுத்து வந்த இதேயோசி துணை செய்தார். 1585-இல் இரு கோயில்களும் புதுக்கப்பட்டன. பௌத்தத் துறவினியர் சிந்தோ கோயிலுக்காகப் பிச்சை எடுத்தனர் என்பதை நம் மாணவர்கள் அறிதல் நலம். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த தென்காசி வரலாறும் இங்கு நம் நினைவுக்கு வருகிறது.

அதன்பின் தொக்குகாவா ஆட்சி ஏற்பட்டது. 1609, 1629, 1649 என்று இருபது ஆண்டு முறை தவறாமல் நடந்தது. செலவை அரசு ஏற்றது. அமைதி நிலவிய அக்காலத்தில் பொதுமக்களும் பெருந்திரளாக இசேவுக்குச் சென்றனர். புதுக்கிய கோயிலுக்கு அடுத்த ஆண்டில் செல்வது சிறந்த புண்ணியம் என்று நம்பினர். 1829 திருப்பணிக்கு அடுத்த ஆண்டில் பல இலட்சம் பேர் நடந்தே சென்றனர். கவிஞர் பாசோ தம் புகழ்பெற்ற வடநாட்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு புறப்பட்டதும் 1689-ஆம் ஆண்டுத் திருப்பணியைக் காணத்தான்.

புதுக்குவதற்குப் பொருள் மட்டும் போதாது, மரம் வேண்டும். சுமார் பதினாயிரம் மரங்கள் தேவைப்படும். இசேயின் சொந்தக் காடுகள் முன்னரே தீர்ந்துவிட்டமையால், 18-ஆம் நூற்றாண்டு முதல் கீசோ மலைக்காடுகளிலிருந்து மரம் கொணர்ந்தனர். அக்காட்டை ஆண்ட ஓவாரிச் சிற்றரசர், களவாக மரம் வெட்டுவோருக்குக் கடுந்தண்டனை விதித்திருந்தனர். மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று என்று மக்கள் பேசிக்கொண்ட அளவுக்கு அது கடுமையானது. பின்னர் 1923-இல், 200 ஆண்டுத் திட்டம் ஒன்று வகுத்து இசேயிலேயே மரம் நடத் தொடங்கினர். 2013-ஆம் ஆண்டுத் திருப்பணிக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மரம் அக்காட்டிலிருந்தே கிடைத்தது. தாம் நட்ட மரம் தூணாவதைத் தாம் காணமாட்டோம் என்று தெரிந்தே நட்டவர்கள் அவர்கள்.

பிரித்த மரத்தை எறிந்துவிடுவதில்லை. தலைமைக் கோயிலின் பெருந்தூண்கள் ஊசிப் பாலத்து முகப்பு வளைவுகளாகின்றன. இருபது ஆண்டுக்குப்பின் அவை தொலைவிலுள்ள வேறு இடங்களில் வளைவுகளாகின்றன. ஏனைய மரங்கள் நாட்டிலுள்ள பிற கோயில்களின் பழுதைத் தீர்க்கின்றன.

இருபது ஆண்டு என்னும் கணக்கில் ஒரு கல்வி நெறியும் அடங்கியுள்ளது. இருபது வயதில் தச்சன் ஒருவன் எடுபிடியாகத் திருப்பணியில் சேர்கிறான். நாற்பது வயதில் அவனே முதன்மைத் தச்சனாகிறான். அறுபது வயதில் அருகில் இருந்து பிழை திருத்துகிறான். மூன்று தலைமுறை ஒரே களத்தில் நிற்கிறது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைச் செலவிட்ட எனக்கு இது மிகப் பெரிய பள்ளிக்கூடமாகவே தோன்றுகிறது. ஏட்டில் எழுதி வைத்த அளவை மட்டும் கொண்டு கைவினையைக் காக்க முடியாது. கையிலிருந்து கைக்கே அது செல்ல வேண்டும். இடைவெளி நீண்டால் என்ன ஆகும் என்பதையும் இசே காட்டியது. 123 ஆண்டுக்குப்பின் எழுந்த கட்டடங்களில் சில அமைப்புகள் மாறிவிட்டன என்று அறிஞர்கள் கண்டுள்ளனர். கற்றவர் மறைந்தபின் நினைவைக் கொண்டும் ஏட்டைக் கொண்டும் கட்டினால் அப்படித்தான் ஆகும்.

ஜப்பானிலும் எல்லாக் கோயில்களும் இவ்வழியில் நிற்கவில்லை. நாரா நகரத்துக் கசுகா கோயிலையும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதுக்குவர். பழைய கட்டடத்தைப் பிற கோயில்களுக்கு வழங்குவதும் உண்டு. ஆனால் 1863-இல் எழுந்த கட்டடங்கள் நாட்டின் அருஞ்செல்வமாக அறிவிக்கப்பட்டமையால், அவற்றைப் பிரிப்பதில்லை. கூரையை மாற்றி வண்ணம் தீட்டிப் பழுது பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பணி நடக்கும்போது தெய்வத்தை வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். நம் பாலாலயத்தையும் புனராவர்த்தத்தையும் அப்படியே காண்பது போல் உள்ளதல்லவா?

நம் நாட்டிலும் இசேயை ஒத்த வழக்கங்கள் உண்டு. ஒடிசாவில் புரி செகநாதர் கோயில் மூர்த்திகள் வேப்பமரத்தால் ஆனவர்கள். இரண்டு ஆடித் திங்கள் வரும் ஆண்டுகளில் புதுத் திருமேனி செய்து உயிர்ப்பொருளை மாற்றுவர். 1996-இலும் 2015-இலும் அவ்வாறு நிகழ்ந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் ஐயனாருக்குப் புரவியெடுப்பு நடக்கிறது. வேளார் புதிய மண்குதிரை செய்து கொடுக்க, ஊர் அதனைச் சுமந்து செல்லும். பழைய குதிரைகள் கோயில் எல்லையிலேயே மழையில் கரைந்து மண்ணாகும். அவற்றை யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த குதிரை வருகிறது.

ஆகவே புதுக்குதலில் இரு நெறிகள் உள்ளன. மரமும் மண்ணும் போன்ற அழியும் பொருளால் ஆனவற்றைத் திரும்பச் செய்வது ஒன்று. அங்கே காக்கப்படுவது வடிவும் வினைத்திறனும். கல்லும் எழுத்தும் ஓவியமும் உள்ள இடத்தில் உள்ளதை உள்ளபடியே காப்பது மற்றொன்று. அங்கே காக்கப்பட வேண்டுவது அந்தப் பொருளே. இரண்டும் நல்ல நெறிகள். ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால்தான் கேடு விளைகிறது.

அக்கேட்டை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். திருப்பணி என்ற பெயரால் பல கோயில்களில் கல்லின்மீது மணலை விசையோடு வீசித் தூய்மை செய்தனர். அழுக்கோடு கல்வெட்டெழுத்தும் தேய்ந்தது. சிற்பத்தின் விரல் நுனியும் மழுங்கியது. பின்னர் அம்முறை தடை செய்யப்பட்டது. தேய்ந்த எழுத்து திரும்பவில்லை. பழைய சுவரோவியங்கள்மேல் சுண்ணாம்பு பூசிய இடங்களும் உண்டு. குற்றாலத்துச் சித்திரசபையை நினைத்துப் பாருங்கள். ஐந்து சபைகளுள் ஒன்றாகிய அதன் செப்புக் கூரையில் பழுதான தகட்டை மாற்றலாம். தச்சன் நல்லவனாயின் உளுத்த மரத்தையும் மாற்றலாம். சுவரில் உள்ள ஓவியத்தை மட்டும் மாற்ற முடியாது. அதன்மேல் எவ்வளவு அழகாக வேறொன்றை எழுதினாலும், முன்னது போனது போனதுதான்.

இனி அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம். நான் ஓய்வுபெற்றபின் ஐந்தருவிக்கு அருகில் வாழ்கிறேன். சாரல் காலத்தில் ஐந்து பிரிவாக விழும் அவ்வருவியில் இன்று குளிப்பவர் நேற்றைய நீரில் குளிப்பதில்லை. ஆயினும் அது வேறு அருவி என்று எவரும் சொல்வதில்லை. பாறை நிற்கிறது, மேலே காடு நிற்கிறது, நீர் வந்துகொண்டே இருக்கிறது. காட்டை அழித்தால் நீர் நிற்கும். பாறையை உடைத்தால் ஐந்து பிரிவும் போகும். தென்காசிக் கோபுரத்துக்கும் இதுவே விடை. பாண்டியன் வைத்த கல்லும் எழுத்தும் பாறை. தலைமுறைதோறும் வரும் தபதியும் கொத்தனும் பொருள் தருவோரும் நீர். அந்தக் கோபுரம் பழையதுமாகும், புதியதுமாகும். ஒன்று அழிந்தால் மற்றதும் இல்லை.

அக்கோயிலில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மீண்டும் குடமுழுக்கு நடந்தது. அடுத்த குடமுழுக்கின்போது, இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பொறுப்புள்ள வயதினராக இருப்பர். அவர்களுக்கு நாம் இப்போதே கற்பிக்க வேண்டியவை மூன்று. தம் ஊர்க் கோயில் சுவரில் எழுத்துள்ள கல் எது, ஓவியம் உள்ள சுவர் எது என்று அறிந்து வைத்தல் ஒன்று. சுதையும் கல்லும் அறிந்த கைவினைஞரின் பிள்ளைகள் அத்தொழிலை நாணமின்றிக் கற்க வகை செய்தல் மற்றொன்று. கோபுரத்து வெடிப்பில் இரண்டு இலை விட்ட அரசஞ்செடியைக் கண்டால், அடுத்த குடமுழுக்கு வரை காத்திராமல், பொறுப்பில் உள்ளவர்களிடம் அன்றே சொல்லுதல் மூன்றாவது.

பராக்கிரம பாண்டியன் வணங்கியது பெருஞ்செல்வரை மட்டுமன்று. பழுதைத் திருத்துவோர் எவரோ அவர் அனைவரையும் வணங்கினான். அச்செடியைக் கண்டு சொல்லும் சிறுவனும் அவ்வணக்கத்துக்கு உரியவனே. அதற்குத் தகுதியுடையவர்களாக நாமும் வாழ்வோமாக.